நைட்ரோ பக்கி வாங்கப் போகிறீர்களா? காரைத் தேடும் முன் ஃப்யூல் கேனைத் தேடுங்கள்

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 'ரெடி டு ரன்' என்று போட்டிருக்கும். சுருக்கமாக ஆர்டிஆர். வாங்கி வந்து பிரித்ததும் ஓட்ட வேண்டியதுதான் என்று யாருக்கும் தோன்றும். பேட்டரியில் ஓடும் ஆர்சி காருக்கு, அதாவது ரிமோட்டில் ஓட்டும் சின்னக் காருக்கு, அது கிட்டத்தட்ட உண்மை. பேட்டரிக்குப் பதில் நிஜ இன்ஜினும் ஃப்யூலும் வைத்து ஓடும் நைட்ரோ காருக்குப் பாதிதான் உண்மை. காரைக் கோத்து முடித்திருப்பார்கள், இன்ஜின் உட்கார்ந்திருக்கும், ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரும், அது சொல்கிறபடி திருப்பும் சர்வோ என்ற சின்ன மோட்டாரும் பொருத்தியிருக்கும், கையில் பிடிக்கும் ரிமோட்டும் இருக்கும், அவ்வளவுதான். ஃப்யூல் இருக்காது, ப்ளக்கைச் சூடாக்கும் க்ளோ இக்னைட்டர் பெரும்பாலும் இருக்காது, ரிமோட்டுக்கான செல் கூட பல பெட்டிகளில் இருக்காது. என் முதல் வண்டி வந்த அன்று சாயங்காலமே ஓட்டிக் காட்டுகிறேன் என்று தெருப் பையன்களையெல்லாம் கூட்டி வைத்திருந்தேன். பெட்டியைத் திறந்து, காரை எடுத்து எல்லோரும் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தோம். இன்ஜின் சத்தம் கேட்க மூன்று வாரம் ஆனது.

(பக்கி என்றதும் சிரிக்காதீர்கள். நம் ஊரில் அது திட்டுதான், தெரியும். இங்கே பக்கி என்பது மேலே மெல்லிய கூடு, பின்னால் உயரமாக ஒரு இறக்கை, நாலு சக்கரமும் உடம்பை விட்டு வெளியே தெரியும்படி, மண்ணிலும் மேட்டிலும் தாவி ஓடச் செய்த காரின் பெயர்.)

முதலில் இந்த இன்ஜின் என்ன என்று புரிந்துகொண்டால் எதை வாங்குவது என்ற கேள்வியில் பாதி தீர்ந்துவிடும். இது டூ ஸ்ட்ரோக். பழைய டிவிஎஸ் 50 வண்டிக்கு பங்க்கில் பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றியது நினைவிருக்கும் இல்லையா, அதே குடும்பம்தான். தனியாக இன்ஜின் ஆயில் கிடையாது, எரிபொருளோடு வரும் ஆயில்தான் உள்ளே எல்லாவற்றையும் வழவழப்பாக வைத்திருக்க வேண்டும். வித்தியாசம் இரண்டு. ஒன்று, இதில் ஓடுவது பெட்ரோல் இல்லை; மெத்தனால், நைட்ரோமீத்தேன், ஆயில் மூன்றும் கலந்த ஒரு கலவை. இரண்டாவது, ஸ்பார்க் ப்ளக் கிடையாது. க்ளோ ப்ளக் என்று ஒரு சின்ன ப்ளக், அதன் அடியில் மயிரிழை மாதிரி ஒரு பிளாட்டினச் சுருள். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒன்றரை வோல்ட்டுக்குள் கரண்ட் கொடுத்து அதைச் சிவக்க வைக்கிறோம். இன்ஜின் பிடித்துக்கொண்டதும் இக்னைட்டரைக் கழற்றிவிடலாம், பிறகு மெத்தனால் ஆவி அந்தப் பிளாட்டினத்தில் பட்டு நடக்கும் வினையும், முந்தைய வெடிப்பின் சூடும், பிஸ்டன் கொடுக்கும் அழுத்தமும் சேர்ந்து அந்தச் சுருளை அணையாமல் பார்த்துக்கொள்ளும். இதனால்தான் இந்த இன்ஜினில் பெட்ரோலை ஊற்றினால் ஓடாது. சிலர் ஊற்றிப் பார்த்துவிட்டு இன்ஜின் கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள்.

நைட்ரோமீத்தேன் எதற்கு? அதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோலை முழுதாக எரிக்க ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும், மெத்தனாலுக்கு 6.4 கிலோ போதும். நைட்ரோமீத்தேனுக்கு வெறும் 1.7. சிலிண்டருக்குள் நுழையும் காற்று எப்போதும் ஒரே அளவுதான், ஆனால் அந்தக் காற்றை வைத்துக்கொண்டு இன்னும் அதிக எரிபொருளை எரிக்க முடிகிறது. மூன்றரை சிசி இன்ஜின் நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்றுக்கு மேல் போவதும், மூன்றரை கிலோ காரை அறுபது எழுபது கிலோமீட்டர் வேகத்துக்குத் தள்ளுவதும் இதனால்தான்.

சரி, இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். வேகம்தான் வேண்டுமென்றால் நைட்ரோ வாங்காதீர்கள். பிரஷ்லெஸ் மோட்டாரும் லிப்போ பேட்டரியும் வந்தபிறகு அதே அளவு எலெக்ட்ரிக் பக்கி நைட்ரோவை விட வேகமாகவே கிளம்பும், சத்தம் இல்லை, பிசுபிசுப்பு இல்லை, ஸ்டார்ட் ஆகாமல் மானத்தை வாங்குவதும் இல்லை. நைட்ரோ ஆர்டிஆர் மாடல்கள் கடைகளில் குறைந்துகொண்டே வருவதற்குக் காரணமும் அதுதான். நைட்ரோ வாங்குகிறவன் இன்ஜினுக்காக வாங்குகிறான். சத்தத்துக்கும், அந்தப் புகைக்கும், ஆமணக்கெண்ணெய் கருகும் வாசனைக்கும் (பல ஃப்யூலில் கொஞ்சம் ஆமணக்கெண்ணெய் நிஜமாகவே இருக்கிறது), ஸ்க்ரூடிரைவரோடு குந்திக்கொண்டு கால் மணி நேரம் கார்புரேட்டரோடு பேசுவதற்கும்தான். இதெல்லாம் தொல்லை என்று தோன்றினால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், எலெக்ட்ரிக் வாங்கிச் சந்தோஷமாக இருங்கள். பத்து வயதுப் பையனுக்குப் பிறந்தநாள் பரிசு என்றால் கண்டிப்பாக எலெக்ட்ரிக்தான்.

இன்னும் படிக்கிறீர்கள் என்றால், காரைப் பார்க்கும் முன் ஃப்யூல் எங்கே கிடைக்கும் என்று பாருங்கள். என் மூன்று வாரம் போனது இதில்தான். கூரியர்காரர்கள் எளிதில் தீப்பற்றும் திரவத்தைச் சாதாரணப் பார்சலாக எடுக்க மாட்டார்கள். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் மாமாவின் பெட்டியில் ஒரு கேன் போட்டுக் கொண்டுவரச் சொல்வதும் நடக்காது, விமானத்தில் கைப்பையிலும் கூடாது, பெரிய பெட்டியிலும் கூடாது. ஆக, நீங்கள் போய் நேரில் வாங்கி வரக்கூடிய தூரத்தில் ஒரு ஹாபி கடை இருக்கிறதா, அவரிடம் கார் ஃப்யூல் வருஷம் முழுக்க இருக்கிறதா என்று முதலில் போன் செய்து கேளுங்கள். சில கடைகளில் பொம்மை விமானம் விடும் ஏரோமாடலிங் ஆட்களுக்கான ஃப்யூல் மட்டும்தான் இருக்கும். இரண்டும் ஒரே மாதிரி தெரிந்தாலும் நைட்ரோ அளவும் ஆயில் அளவும் வேறு, கார் இன்ஜினுக்குக் கார் ஃப்யூல்தான். நைட்ரோ 16, 20, 25, 30 சதவீதம் என்று பல அளவில் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 பிப்ரவரியிலிருந்து பொதுமக்கள் அனுமதி இல்லாமல் 16 சதவீதத்துக்கு மேல் வாங்க முடியாது, வெடிபொருள் செய்யப் பயன்படும் என்ற பயம். அங்கே அதை வைத்தே நன்றாக ஓட்டுகிறார்கள். புதிதாக ஆரம்பிப்பவருக்கு 16 முதல் 25 வரை எது தொடர்ந்து கிடைக்குமோ அதுவே நல்ல ஃப்யூல். ஒன்றை வைத்து ட்யூன் செய்துவிட்டு அடுத்த மாதம் வேறொன்றை ஊற்றினால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும்.

மெத்தனால் என்ற பெயர் நமக்குப் புதிதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது அதே பொருள்தான். சில மில்லி உள்ளே போனாலே கண் பார்வை போகலாம். ஆகவே தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள், வந்த கேனிலேயே பூட்டி வையுங்கள், கையில் பட்டால் கழுவுங்கள், மூடிய அறைக்குள் இன்ஜினை ஓடவிடாதீர்கள். வெயிலில் மெத்தனால் எரிந்தால் தீ கண்ணுக்கே தெரியாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேதிப்பொருள் கடையில் தனித்தனியாக வாங்கி வீட்டில் நானே கலந்துகொள்கிறேன் என்ற யோசனை சிலருக்கு வரும். விடுங்கள். இங்கே மெத்தனாலுக்குக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன, ஒரு பொம்மைக்காக அந்த வம்பு வேண்டாம். இன்னொன்று, மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மூடியைச் சரியாகத் திருகாமல் மழைக்காலம் முழுக்க வைத்திருந்த ஃப்யூலை ஊற்றிவிட்டு இன்ஜினைத் திட்டக் கூடாது.

ஃப்யூல் கிடைக்கிறதா? இப்போது அளவுக்கு வருவோம். ஆர்டிஆர் பக்கியில் முக்கியமாக இரண்டு அளவு: 1/10, 1/8. நிஜக் காரில் பத்தில் ஒன்று, எட்டில் ஒன்று என்று கணக்கு. 1/10-ல் இன்ஜின் பொதுவாக இரண்டிலிருந்து மூன்று சிசி. விளம்பரத்தில் .12, .15, .18 என்று போட்டிருப்பது கன அங்குலக் கணக்கு, .18 என்றால் ஏறக்குறைய மூன்று சிசி. 1/8-ல் .21, அதாவது மூன்றரை சிசி. நீளம் அரை மீட்டர், எடை மூன்று முதல் மூன்றரை கிலோ. பார்ப்பதற்கு 1/10 சின்னது, விலை குறைவு, அதனால் ஆரம்பிப்பவருக்கு அதுதான் நல்லது என்று கடைக்காரரே சொல்வார். நான் மாற்றிச் சொல்கிறேன்: முடிந்தால் 1/8 வாங்குங்கள்.

சின்ன இன்ஜின் நுணுக்கமானது. கார்புரேட்டரில் ஃப்யூலைக் கூட்டிக் குறைக்கும் ஊசியை இத்தனூண்டு திருப்பினாலே மனநிலை மாறிவிடும். .21 கொஞ்சம் பெருந்தன்மையானது, நீங்கள் செய்யும் தவறைப் பொறுத்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய காரணம், 1/8 பக்கி என்பது உலகம் முழுக்கப் பந்தயம் நடக்கும் வகை. சர்வதேசப் பந்தய விதியில் இன்ஜின் 3.5 சிசி, டேங்க் 125 சிசி என்று கட்டி வைத்திருக்கிறார்கள், உலகப் போட்டியின் இறுதி ஓட்டம் ஒரு மணி நேரம் நடக்கும், நடுவில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போல வந்து ஃப்யூல் ஊற்றிக்கொண்டு ஓட வேண்டும். அந்த அடியைத் தாங்கச் செய்த வடிவம்தான் கொஞ்சம் மலிவான பொருட்களோடு ஆர்டிஆர் பெட்டியில் வருகிறது. முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று என்று மூன்று டிஃப்ரென்ஷியல் (திருப்பத்தில் சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பற்சக்கரத் தொகுதி). கனமான அலுமினியத் தட்டு. விரல் தடிமனில் ஷாக் அப்சார்பர். சக்கரம் மாட்டும் இடத்தில் 17 மில்லிமீட்டர் அறுகோணம் என்பது இந்த அளவில் ஊரறிந்த கணக்கு, ஆகவே எந்தக் கம்பெனி டயரும் பெரும்பாலும் உட்காரும். 1/10-ல் அது 12 மில்லிமீட்டர்.

125 சிசி டேங்க் ஓட்டுவதைப் பொறுத்து எட்டிலிருந்து பன்னிரண்டு நிமிடம் வரும். அப்படியானால் ஒரு லிட்டருக்கு எட்டு டேங்க், ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு டேங்க் என்றாலும் மாதத்துக்கு இரண்டு லிட்டர். உங்கள் கடைக்காரர் சொல்லும் லிட்டர் விலையால் பெருக்கிப் பாருங்கள், பெருக்கிய பிறகும் ஆசை இருந்தால் மேலே போகலாம்.

எந்தக் கம்பெனி என்று கேட்டால் என் பதில் சலிப்பூட்டும்: உங்களுக்கு எட்டும் கடையின் அலமாரியில் எந்தக் காரின் சஸ்பென்ஷன் கையும் டிரைவ் ஷாஃப்ட்டும் தொங்குகிறதோ அந்தக் கம்பெனி. முதல் மாதமே ஏதாவது உடையும், இது சத்தியம். மரத்தில் மோதும், மதிலில் மோதும், முன் பக்கத்துக் கை ஒன்று போகும். அந்தப் பிளாஸ்டிக் துண்டு ஒரு வாரத்தில் வரும் என்றால் பொழுதுபோக்கு தொடரும், இரண்டு மாதம் ஆகும் என்றால் கார் பரணுக்குப் போய்விடும். ஜப்பானின் க்யோஷோ செய்யும் இன்ஃபெர்னோ வரிசை இந்த விஷயத்தில் நல்ல உதாரணம். பந்தயத்தில் பல தலைமுறை கண்ட பெயர், அதில் நியோ என்ற எளிய ஆர்டிஆர் வடிவமும் உண்டு, பாகம் பல நாட்டுக் கடைகளில் கிடைக்கும். தைவானின் ஹோபாவ் ஹைப்பர் வரிசையும் உழைக்கும் மாடு மாதிரி. சீனத்து ஹெச்எஸ்பி விலையில் எல்லோரையும் அடிக்கும், அதே கார் வேறு வேறு ஸ்டிக்கரோடு வேறு வேறு பெயரில் விற்கப்படும், பாகமும் மலிவு. ஆனால் திருகு மென்மை, பிளாஸ்டிக் மென்மை, முதல் நாளே எல்லாவற்றையும் ஒருமுறை அவிழ்த்து மாட்ட வேண்டியிருக்கும். டிராக்சஸ் நைட்ரோவில் பெயர் பெற்றது பெரிய சக்கர டிரக்குகளுக்கு, பக்கி தேடுபவருக்கு அது வேறு பாதை. மூகன் போன்ற பந்தயக் கம்பெனிகளின் நைட்ரோ பக்கி கிட்டாக வரும். கிட் என்றால் நூற்றுக்கணக்கான பாகம் பைகளில் வரும், நாம்தான் கோக்க வேண்டும், இன்ஜினும் ரேடியோவும் தனிச் செலவு. இரண்டாவது காருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட் செய்யும் வழியையும் கேளுங்கள். ஆர்டிஆரில் பெரும்பாலும் புல் ஸ்டார்ட்டர், ஜெனரேட்டருக்கு இழுப்பது போல ஒரு கயிறு. செலவில்லை, எங்கேயும் எடுத்துப் போகலாம். கயிறு ரொம்ப நீளம் இருக்காது, முழுதாக இழுத்தால் அறுந்துவிடும் அல்லது உள்ளே ஸ்பிரிங் போய்விடும், ஒரு சாண் அளவுக்குச் சுருக் சுருக்கென்று இழுக்க வேண்டும். இழுக்கவே வரவில்லை, இறுகிக் கிடக்கிறது என்றால் பலம் காட்டாதீர்கள், சிலிண்டருக்குள் ஃப்யூல் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். நான் பலம் காட்டினேன், கயிறு கையோடு வந்தது. செய்ய வேண்டியது ப்ளக்கைக் கழற்றிவிட்டு, காரைத் தலைகீழாகப் பிடித்து நாலு இழுப்பு இழுத்தால் உள்ளே இருப்பதெல்லாம் பீய்ச்சிக்கொண்டு வெளியே வந்துவிடும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு வசதி வந்தால் ஸ்டார்ட்டர் பாக்ஸ் வாங்கலாம். மோட்டார் சக்கரம் வைத்த ஒரு பெட்டி, அதன் மேல் காரை வைத்து அழுத்தினால் அடியிலுள்ள ஓட்டை வழியாக இன்ஜின் தண்டிலுள்ள ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்தைச் சுற்றிவிடும்.

ரேடியோவைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வார்த்தை என்ன, இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். இந்தக் காரில் இரண்டு சர்வோ. ஒன்று ஸ்டியரிங்குக்கு, மற்றது ஆக்சிலேட்டர், பிரேக் இரண்டுக்கும் சேர்த்து. எலெக்ட்ரிக் காரில் பேட்டரி போனால் கார் நின்றுவிடும். இதில் ரிசீவர் பேட்டரி போனால் இன்ஜின் பாட்டுக்கு ஓடும், சர்வோ எந்த நிலையில் நின்றதோ அந்த நிலையிலேயே ஆக்சிலேட்டர் நிற்கும். ஒரு ஏரிக்கரையில் எனக்கு நடந்தது. ஒரு மேட்டில் தாவி இறங்கிய அதிர்ச்சியில் பெட்டிக்குள்ளிருந்த நாலு பென்சில் செல்லில் ஒன்று இடம் நகர்ந்துவிட்டது. கார் முக்கால் ஆக்சிலேட்டரில் நேராகப் போய்க்கொண்டே இருக்கிறது, நான் ரிமோட்டை வைத்துக்கொண்டு பின்னால் ஓடுகிறேன், மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டன. கடைசியில் சீமைக்கருவேல முள்ளுக்குள் போய்ச் சிக்கி, அங்கேயும் அலறிக்கொண்டிருந்தது. கையை முள்ளில் விட்டு, செருப்பைக் கழற்றி எக்சாஸ்ட் குழாய் வாயில் அழுத்தினேன், அடங்கியது. அன்று சாயங்காலம் கையிலிருந்து முள் எடுக்கவே ஒரு மணி நேரம் ஆனது.

இதிலிருந்து வாங்கும்போது பார்க்க வேண்டியவை வருகின்றன. ரேடியோ 2.4 கிகாஹெர்ட்ஸா, அதில் ஃபெயில்சேஃப் உண்டா? சிக்னல் அறுந்தால் தானாகப் பிரேக் போடுவதுதான் ஃபெயில்சேஃப். சோதிப்பது எளிது, இன்ஜினை ஓட்டாமல், காரை ஒரு டப்பா மேல் தூக்கி வைத்து, ஆக்சிலேட்டரை இழுத்துப் பிடித்தபடி ரிமோட்டை அணையுங்கள், கார்புரேட்டர் மூடிப் பிரேக் இறுக வேண்டும். ஆனால் கரண்டே போய்விட்டால் ஃபெயில்சேஃப் உதவாது. அதற்குக் கார்புரேட்டர் கையில் ஒரு ரிட்டர்ன் ஸ்பிரிங் இருக்க வேண்டும், சில மலிவான வண்டிகளில் அது இருக்காது, ஒரு நல்ல ரப்பர் பேண்டு கட்டினால் கூடப் போதும். பென்சில் செல் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஐந்து செல்லைச் சேர்த்துப் பற்றவைத்த ஆறு வோல்ட் ரிசார்ஜபிள் பேட்டரி ஒன்றை வாங்கிவிடுங்கள். காரோடு முதல் நாளே வாங்க வேண்டிய பொருள் அது.

கடையில் காரை மேசை மேல் வைத்துக் காட்டினால் வேறு என்ன பார்ப்பது? ஏர் ஃபில்டர். ஸ்பாஞ்சு இரண்டு அடுக்கா, கழுத்தில் சரியாக இறுகுகிறதா என்று பாருங்கள். இந்தச் சின்ன இன்ஜினின் எமன் புழுதிதான், நம் செம்மண் புழுதி கேட்கவே வேண்டாம். ஸ்பாஞ்சுக்கு ஃபில்டர் ஆயில் தடவாமல் ஒரே ஒரு நாள் ஓட்டினாலும் பிஸ்டன் தேய்ந்துவிடும். ஸ்டியரிங் சர்வோ எத்தனை கிலோ இழுவிசை என்று கேளுங்கள். 1/8-க்கு ஆறு கிலோவுக்குக் கீழே என்றால் முன் சக்கரம் மண்ணில் திரும்பத் தயங்கும். ப்ளக் எந்த வகை என்றும் கேளுங்கள், ஸ்டாண்டர்டு என்று ஒன்று, டர்போ என்று ஒன்று, ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. கையோடு மூன்று ப்ளக் வாங்கிக்கொள்ளுங்கள், சுருள் அறுந்துபோவது வாடிக்கை. இக்னைட்டர், ஃப்யூல் பாட்டில், அறுகோண ஸ்க்ரூடிரைவர் செட், ஃபில்டர் ஆயில், திருகு கழலாமல் பிடிக்கும் லாக்டைட் பசை, பேட்டரி, சார்ஜர் எல்லாம் சேர்த்தால் கார் விலையில் கால் பங்குக்கு வந்து நிற்கும். கையில் இருக்கும் பணம் முழுவதையும் காருக்கே போட்டுவிடாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஓட்டும் முன் ஒரு மாலை திருகுகளுக்கு. நைட்ரோ இன்ஜினின் அதிர்வில் எல்லாத் திருகும் கழன்றுவரும். உலோகத்துக்குள் உலோகமாகப் போகும் திருகை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு சொட்டு லாக்டைட் வைத்து மாட்டுங்கள். பிளாஸ்டிக்கில் போகும் திருகுக்கு வைக்காதீர்கள், பிளாஸ்டிக் வெடித்துவிடும். கிளட்ச் பெல்லும் பெரிய ஸ்பர் கியரும் பல்லோடு பல் சேருமிடத்தில் ஒரு துண்டு நோட்டுப் புத்தகக் காகிதத்தை விட்டுச் சுற்றிப் பாருங்கள். கிழியாமல் மடிப்பு மடிப்பாக வெளியே வந்தால் இடைவெளி சரி. கிழிந்து வந்தால் ரொம்ப இறுக்கம், மடிப்பே விழாவிட்டால் ரொம்பத் தளர்வு.

அப்புறம் ரன்னிங் இன். புது பைக் எடுத்தால் முதல் ஐநூறு கிலோமீட்டர் முறுக்காதே என்று மெக்கானிக் சொல்வாரே, இங்கே அது இன்னும் கண்டிப்பு. இந்த இன்ஜினின் சிலிண்டர் உறை மேலே போகப்போகக் குறுகும், குளிர்ந்த நிலையில் பிஸ்டன் உச்சியில் போய்ச் சிக்கிக்கொள்வது போல இருக்கும். சூடானதும் உறை விரிந்து இரண்டும் சரியாகப் பொருந்தும். பிஸ்டன் வளையம் எதுவும் கிடையாது, இந்தப் பொருத்தம்தான் கம்ப்ரெஷனே. அதனால் முதல் ஐந்தாறு டேங்க் ஃப்யூல் தாராளமாகப் போகும்படி வைத்து, புகை நிறைய வர, மெதுவாக, வட்டம் வட்டமாக ஓட்டி, ஒவ்வொரு டேங்குக்கும் பிறகு ஆறவிட வேண்டும். இன்ஜின் ஆறும்போது பிஸ்டன் கீழே இருக்கும்படி ஃப்ளைவீலைக் கையால் திருப்பி வையுங்கள், மேலே மாட்டிக்கொண்டு ஆறினால் அந்தப் பிடிப்பு போய்விடும். போரடிக்கும். ஆனால் இதைச் செய்யாதவர்கள்தான் மூன்று மாதத்தில் புது இன்ஜின் விலை விசாரிப்பார்கள்.

ட்யூனிங் என்பது ஒரு பயமுறுத்தும் சொல், விஷயம் என்னவோ மூன்று திருகுதான். ஹை ஸ்பீடு நீடில் முழு வேகத்தில் போகும் ஃப்யூலைக் கட்டுப்படுத்தும், லோ ஸ்பீடு நீடில் கிளம்பும்போது, ஐடிலிங் திருகு நிற்கும்போது. நீடிலை வலப்பக்கம் திருகினால் ஃப்யூல் குறையும், இதை லீன் என்பார்கள். இடப்பக்கம் என்றால் கூடும், அது ரிச். ஒரேயடியாகத் திருகாதீர்கள், கடிகார முகம் மாதிரி நினைத்துக்கொண்டு ஒரு தடவைக்கு ஒரு மணி அளவு, அவ்வளவே. முழு வேகத்தில் போகும்போது பின்னால் மெல்லிய நீலப்புகை கோடு தெரிய வேண்டும். புகையே இல்லாமல் கீச்சென்று கத்திக்கொண்டு போனால், அப்போதுதான் அட்டகாசமாக ஓடுகிறது என்று தோன்றும், உண்மையில் ஆயில் போதாமல் இன்ஜின் உயிரை விட்டுக்கொண்டிருக்கிறது. உடனே இடப்பக்கம் ஒரு மணி. சூட்டை அளக்க, தோசைக்கல்லில் தண்ணீர் தெளிப்பது போல இன்ஜின் தலையில் ஒரு சொட்டு விடுங்கள். மூன்று நான்கு விநாடியில் கொதித்து வற்றினால் சரி, பட்டதும் துள்ளிச் சிதறினால் ரொம்பச் சூடு. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது, ப்ளக் பக்கத்தில் 100 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம். கொரோனா காலத்தில் வாங்கி வைத்த நெற்றித் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது, அது உடம்புச் சூட்டை மட்டும்தான் அளக்கும். காலையில் சரியாக இருந்த ட்யூனிங் மதியம் மாறியிருக்கும், டிசம்பரில் சரியாக இருந்தது மே மாதம் மாறியிருக்கும், ஊட்டிக்கு எடுத்துப் போனால் காற்று மெலிந்து எல்லாம் ரிச்சாகத் தெரியும். கார் கெட்டுப்போகவில்லை, காற்று மாறிவிட்டது.

ஓட்டி முடித்ததும் டேங்கில் மிச்சம் வைக்காமல் முழுதும் தீரும்வரை ஓடவிட்டு, ப்ளக் ஓட்டையிலும் கார்புரேட்டரிலும் நாலு சொட்டு ஆஃப்டர் ரன் ஆயில் விட்டு ஒரு பத்து சுற்று சுற்றி வையுங்கள். மெத்தனால் உறிஞ்சிய ஈரம் பேரிங்கைத் துருப்பிடிக்க வைப்பதை அது தடுக்கும்.

கடைசியாக, செகண்ட் ஹேண்டு வாங்கலாமா? நிறையப் பேர் நைட்ரோ வாங்கி, மூன்று தடவை ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் விற்றுவிடுவார்கள், அதனால் நல்ல வண்டி மலிவாகக் கிடைக்கும், நானே இப்போது ஓட்டுவது அப்படி வாங்கியதுதான். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக வைத்திருந்தால் உஷாராகுங்கள், குளிர்ந்த இன்ஜினைத்தான் பார்க்க வேண்டும். ப்ளக் போட்டபடியே, அடியிலுள்ள ஓட்டை வழியாக ஃப்ளைவீலை விரலால் மெல்லச் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் உச்சியில் வந்து ஒரு பிடி பிடித்து, அழுத்தினால்தான் தாண்டும் என்றால் உள்ளே உயிர் இருக்கிறது. எந்தத் தடையும் இல்லாமல் வெண்ணெய் மாதிரி சுற்றிவந்தால், அவர் சொல்லும் விலையிலிருந்து ஒரு புது இன்ஜின் விலையைக் கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.